சோழகத்தில் அள்ளி மாரிக்கு வைத்தல்

வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முந்திய வாரம், வைகாசியில், முல்லைத்தீவு சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுப்பார்கள். அந்த உப்புநீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றுவார்கள். பொங்கலன்று அது வற்றாப்பளைக்குப் போகும். கடல்நீரை மரியாதையோடு அள்ளி, பத்திரமாக ஊருக்குள் கொண்டுபோகும் பழக்கம் வன்னிக்குப் புதிதல்ல. அது எந்த மாதத்தில் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். வைகாசியில் வடகீழ்க் காற்றான வாடை முற்றாக ஓய்ந்து, தென்மேற்குக் காற்றான சோழகம் பிடித்திருக்கும். கிழக்குக் கரையில் அந்தக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை அடங்கிக் கிடக்கும். களப்புகளின் முகத்துவாரங்களை மணல் மூடத் தொடங்கியிருக்கும். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கு ஆண்டின் நல்ல தண்ணீர் தொடங்குவதும் இந்த மாதத்தில்தான்.

உலகத்தில் பெரும்பாலான கடல்மீன் வளர்ப்பாளர்கள் கடலைக் கண்ணால் காணாமலே தொட்டி வைத்திருக்கிறார்கள். பைகளில் வரும் செயற்கைக் கடலுப்பை வாங்கிக் கரைத்துக்கொள்கிறார்கள். கொழும்பில் அது கிடைக்கும். இறக்குமதிச் சரக்கென்பதால் விலையும் அப்படியே இருக்கும். 2022 நெருக்கடியில் டொலர் இல்லாமல் போனபோது, இறக்குமதியை நம்பியிருந்த ஒவ்வொரு பொழுதுபோக்கும் எப்படித் தடுமாறியது என்பதை எல்லோரும் பார்த்தோம். முல்லைத்தீவுக்காரருக்குக் கடல் நடை தூரத்தில் இருக்கிறது. கிளிநொச்சிக்காரருக்குப் பரந்தனிலிருந்து ஏ-35 வீதியில் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். மாங்குளத்திலிருந்து ஏ-34 வீதியிலும் கிட்டத்தட்ட அதே தூரம். வவுனியா மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. அங்கிருப்பவர்கள் ஆண்டில் ஓரிரு பயணத்துக்குத் திட்டமிட வேண்டும். திட்டமிட்டால் போதும், தண்ணீருக்குக் காசில்லை.

ஆனால் காசில்லாத தண்ணீர் எல்லா நாளும் ஒரே தண்ணீர் அல்ல. எப்போது, எந்த இடத்தில் அள்ளினீர்கள் என்பதே தொட்டியின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

ஆனையிறவு உப்பைக் கரைத்தால் போதாதா?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். ஆனையிறவு பக்கத்திலேயே இருக்கிறது. 2025இல் அங்கே உப்புத் தொழிற்சாலையும் மீண்டும் திறக்கப்பட்டது. உப்பு கடலிலிருந்து வந்ததுதானே, தண்ணீரில் கரைத்தால் மறுபடி கடலாகிவிடாதா?

ஆகாது. காரணம் உப்பளத்தின் வேலைமுறையிலேயே இருக்கிறது. பாத்தியில் கடல்நீர் வற்றத் தொடங்கும்போது முதலில் படிவது கல்சியம் காபனேற்று. நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகச் சுண்டும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒன்றாகும்போதுதான் நாம் சாப்பிடும் உப்பு, அதாவது சோடியம் குளோரைட்டு, பளிங்காகிறது. அதைக் கிண்டி எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் தங்கிவிடுகின்றன. அந்த நீரை உப்பளக்காரர் வெளியேற்றிவிடுவார். நல்ல உப்பு என்றால் கசப்பு இல்லாத உப்பு. சமையலுக்கு எது சிறப்போ அதுவே மீன்தொட்டிக்குக் குறையாகிறது. இயற்கைக் கடல்நீர் ஒரு லீற்றரில் சுமார் 410 மில்லிகிராம் கல்சியமும் 1,290 மில்லிகிராம் அளவில் மக்னீசியமும் இருக்கும். கறியுப்புக் கரைசலில் இவை பெயருக்குத்தான் இருக்கும். காரத்தன்மையைத் தாங்கி நிற்கும் இருகாபனேற்றும் இராது. மீன் சில நாள் உயிரோடு நீந்தும். இறாலும் நத்தையும் கடற்சாமந்தியும் தாங்கா. உப்புக் குறைந்த கடல்நீரை நிமிர்த்தவும் கறியுப்புப் போடாதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

காலம்

வன்னியின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுகிறது. குளங்கள் வான் பாய்கின்றன, வயல்கள் வடிகின்றன. கனகராயன் ஆற்று நீர் இரணைமடுவைத் தாண்டிச் சுண்டிக்குளம் களப்புக்குப் போகிறது. பேராறு நந்திக்கடலை நிரப்புகிறது. நந்திக்கடல் பெருகி வெள்ளம் ஊரை நெருக்கும்போது வட்டுவாகலில் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். பழுப்பு நிறத் தண்ணீர் நாக்கு நீட்டிக் கடலுக்குள் போவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். அந்தத் தண்ணீரில் மண் மட்டுமா வருகிறது? கால போகத்துக்கு இட்ட யூரியா, களைகொல்லி, பூச்சிமருந்து எல்லாம் சேர்ந்தே வருகின்றன. மண் அடியில் படிந்துவிடும், மருந்து படியாது. இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு உறவுக்கார உயிர்கள். வயலில் பூச்சியைக் கொல்லும் மருந்து தொட்டியில் முதலில் கொல்வது அவற்றைத்தான்.

நம் ஊர் மழையோடு இது முடிந்துவிடுவதில்லை. கங்கை, பிரமபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வங்காள விரிகுடாவில்தான் விழுகின்றன. தென்மேற்குப் பருவமழையில் பெருகிய அந்த நன்னீர் கடலின் மேற்பரப்பில் மெல்லிய படையாகத் தங்கி, ஐப்பசி பிறந்தபின் இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும் நீரோட்டத்தோடு நம் கரைக்கு வந்து சேர்கிறது. ஆகவே மார்கழியில் மழை விட்டுத் தண்ணீர் கண்ணுக்குத் தெளிந்திருந்தாலும் அதில் உப்புக் குறைவாக இருக்கும். தெளிவைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

ஆகக் கிழக்குக் கரைக்கு, அதாவது கொக்கிளாய் முதல் சுண்டிக்குளம் வரைக்கும், அள்ளும் காலம் வைகாசி தொடக்கம் புரட்டாதி நடுப்பகுதி வரை. அதிலும் ஆனி, ஆடி, ஆவணி மிகச் சிறப்பு. கரைக்குச் சற்று வெளியே அப்போது ஆயிரத்துக்கு 34, 35 பங்கு உப்பு நிற்கும். சித்திரை மழையோ இடையில் ஒரு திடீர் மழையோ பெய்தால் ஒரு கிழமை பொறுத்திருங்கள்.

மேற்குக் கரைக்குக் கணக்கு வேறு. பூநகரி, கிராஞ்சி, வலைப்பாடு, நாச்சிக்குடாப் பக்கம் பாக்கு நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது; அடியில் சேறும் சாதாழையும். சோழகம் அங்கே கடலிலிருந்து கரையை நோக்கி அடித்து அடிச்சேற்றைக் கிளப்பிவிடும். கிழக்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் ஆனி ஆடியில் மேற்கே கலங்கலைத்தான் அள்ளுவீர்கள். மழைநீர் கலந்து தீர்ந்து, சோழகம் இன்னும் எழாத மாசி முதல் சித்திரை வரை அங்கே நல்ல காலம். முழங்காவில் இரணைமாதாநகரிலிருந்து இரணைதீவுக்குப் போய்வரும் படகுக்காரர்கள் தெரிந்தவர்களாக இருந்தால், தீவுக்குப் போகும் வழியில் அள்ளித் தரச் சொல்லுங்கள். கரையோரத் தண்ணீரைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு அபாயத்துக்கு மாதக் கணக்குச் சொல்ல முடியாது. சில நாட்களில் கடல் நிறம் மாறிப் பச்சையாகவோ செம்மையாகவோ நுரைக்கும்; இரவில் அலை மடியும்போது ஒளிரும். நுண்ணுயிர்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கின்றன என்று பொருள். 2019 செப்டெம்பரில் மன்னார் வளைகுடாவின் அக்கரையில், மண்டபம், பாம்பன் பக்கம், நொக்டிலூக்கா என்ற உயிர் பெருகிக் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அந்த உயிரின் உடலில் அமோனியா நிறைய இருக்கிறது. அது செத்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனும் தீர்ந்துபோகிறது. கரையில் செத்த மீன் ஒதுங்கியிருந்தாலோ, சொறிமீன் கூட்டமாகக் கிடந்தாலோ, தண்ணீரில் வழுவழுப்பு இருந்தாலோ வெறுங்கானோடு வீடு திரும்புங்கள்.

இடம்

விதி ஒன்று: களப்பு நீர் கடல்நீர் அல்ல. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் எல்லாம் இறாலுக்கு அருமையான இடங்கள். ஆனால் மாரியில் கிட்டத்தட்ட நன்னீராகவும் ஆவணியில் கடலைவிடக் கடும் உப்பாகவும் மாறும் நீர் அது. வட்டுவாகல் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கானை இறக்குவது சுலபம் என்பதற்காக அங்கே அள்ளாதீர்கள்.

விதி இரண்டு: முகத்துவாரத்திலிருந்து பல கிலோமீற்றர் தள்ளி நில்லுங்கள். நாயாற்றுக்கும் வட்டுவாகலுக்கும் இடையே செம்மலை, அளம்பில், சிலாவத்தை என்று நீளும் திறந்த கரை இதற்குத் தோதானது. அங்கேயும் படகுகள் இறங்குமிடத்தைத் தவிருங்கள். நம் சிறுபடகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. இறங்குதுறையில் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் எப்போதும் இருக்கும். கரைவலை இழுத்து முடித்த இடத்திலும் மீன் வெட்டிக் கழுவும் வாடியருகிலும் அன்றைக்கு அள்ள வேண்டாம்.

முள்ளிவாய்க்கால் கரை மக்கள் தங்கள் இறந்தோரை நினைந்து அழும் இடம். தண்ணீர் எடுக்க நமக்கு வேறு கரைகள் இருக்கின்றன. அதை அதன்பாட்டில் விட்டுவிடுவோம். கடற்படை முகாம்களுக்கு அருகில் பரல்களோடு திரிந்தால் கேள்வி வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது இரு தரப்புக்கும் நல்லது.

கரையில் நின்று அள்ளுவதைவிடச் சிறந்த வழி, கடலுக்குப் போகும் ஒருவரிடம் கேட்பது. “அண்ணை, பாருக்கு வெளியாலை, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, அணியப் பக்கத்தாலை அள்ளித் தாங்கோ” என்று சொன்னால் அவருக்கு விளங்கும். இந்த மூன்று சொல்லும் முக்கியம். பாருக்கு வெளியே என்றால் கரைக் கலங்கல் இல்லை. எஞ்சின் நின்றால் எண்ணெய் கலக்காது. அணியப் பக்கம் என்றால் இயந்திரத்துக்கு எதிர்முனை. மூடிய கானை முழங்கை ஆழத்துக்கு அமிழ்த்தி, அங்கே மூடியைத் திறந்து நிரப்பி, அங்கேயே மூடி மேலே எடுக்க வேண்டும். தூசியும் எண்ணெயும் தங்குவது மேற்பரப்பில்தான். அவருடைய எரிபொருளுக்கும் நேரத்துக்கும் உரிய காசைக் கொடுங்கள். வன்னிக் கடலில் அவரைவிட நல்ல வழிகாட்டி உங்களுக்குக் கிடைக்கமாட்டார். “இண்டைக்கு வேண்டாம் தம்பி, தண்ணி சரியில்லை” என்று அவர் சொன்னால் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மட்டும் எடுங்கள். 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடல்நீரும் உயிர்கள் ஒட்டிய பாறையும் காற்றுக்குமிழியும் மட்டும் வைத்துக் கடல்மீன் வளர்க்கும் முறையை எழுதி உலகத்துக்கு அறிவித்தார். இன்றைய முருகைத் தொட்டிகளுக்கெல்லாம் அது ஒரு மூலம். ஆனால் அவருடைய முறையில் பாதியைத்தான் நாம் பின்பற்றலாம். இலங்கையில் முருகைக்கல்லை உடைத்தெடுப்பது சட்டவிரோதம். சுண்டிக்குளம் தேசிய பூங்கா. கொக்கிளாய்க் களப்பு பறவைகள் சரணாலயம். அங்கிருந்து கல்லோ உயிரோ எடுப்பது குற்றம் மட்டுமல்ல, மீன் குஞ்சு பொரிக்கும் வீட்டைக் கலைப்பதுமாகும்.

பரலும் கானும்

கடல்நீர் ஒரு லீற்றர் ஒரு கிலோவைவிடச் சற்றுக் கூட. 20 லீற்றர் கான் இருபது கிலோவுக்கு மேல் நிறுக்கும். ஓட்டோவில் நான்கைந்து கானுக்கு மேல் ஏற்றாதீர்கள். அதிகம் வேண்டுமென்றால் பட்டா வாகனமோ லான்ட்மாஸ்டரோ பிடித்து, வெறும் பரலை ஏற்றிக்கொண்டு போய்க் கரையில் நிரப்புங்கள்.

பரலின் பூர்வீகம் மிக முக்கியம். வன்னிச் சந்தையில் விற்கும் பழைய பிளாஸ்ரிக் பரல்களிலும் கான்களிலும் கிருமிநாசினி இருந்ததும் உண்டு, மண்ணெண்ணெய் இருந்ததும் உண்டு. பிளாஸ்ரிக் இவற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்காகக் கசியவிடும். எவ்வளவு கழுவினாலும் போகாது. உணவுப்பொருள் வந்த பரல் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். மூடி வைத்து மறுநாள் திறந்து முகர்ந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். தகர வாளி, பித்தளைப் பைப், செம்புக் குழாய் எதுவும் இந்த நீரில் படக்கூடாது. நாகமும் செம்பும் மிகச் சிறிதளவிலேயே முதுகெலும்பில்லாத கடலுயிர்களைக் கொன்றுவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய பாத்திரமும் வேண்டாம்.

பரலை நிரப்பும்போது வெள்ளை வேட்டித் துணியை நான்காக மடித்து வாயில் கட்டுங்கள். மணல், சாதாழைத் துண்டு, சொறிமீனின் நூல், பிளாஸ்ரிக் துணுக்கு எல்லாம் அதில் நின்றுவிடும்.

தராசால் உப்பளத்தல்

ரிபிராக்ரோமீற்றர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கவலை வேண்டாம். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை இலத்திரனியல் தராசு போதும். ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தலை வெறுமையாக நிறுங்கள். குடிநீர் நிலையத்தில் எடுத்த ஆர்.ஓ. தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி நிறுங்கள். அதே போத்தலில் கடல்நீரை அதே விளிம்பு வரை நிரப்பி நிறுங்கள். இரண்டு நீரும் ஒரே அறையில் சில மணி நேரம் இருந்து ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். போத்தலின் நிறையைக் கழித்தபின், நன்னீர் 1,000 கிராம் என்றால் கடல்நீர் 1,026 வந்தால் உப்பு ஆயிரத்துக்கு 35. 1,024 என்றால் 32. 1,022 என்றால் 29, 30 அளவில். மலிவான பிளாஸ்ரிக் நீரமானியைவிட இந்த முறையை நான் நம்புகிறேன். குமிழி ஒட்டியிருந்தால் தட்டி அகற்றுங்கள், போத்தலின் வெளிப்புறத்தைத் துடையுங்கள்; பிழை வருவது இந்த இரண்டாலும்தான்.

உப்புக் குறைந்திருந்தால் உப்பளத்தாரின் முதல் வேலையை மட்டும் செய்யுங்கள். அகன்ற பிளாஸ்ரிக் பேசினில் ஊற்றி, நுளம்பு வலையால் மூடி, வெயிலில் வையுங்கள். 32 பங்குள்ள 100 லீற்றர், 35 ஆக வேண்டுமென்றால் சுமார் எட்டரை லீற்றர் ஆவியாக வேண்டும். அவ்வளவுக்குக் கல்சியம் படியாது, மக்னீசியமும் போகாது. எல்லாம் ஒரே விகிதத்தில் செறியும். உப்புக் கூடியிருந்தால் ஆர்.ஓ. நீர் சேர்த்துக் குறையுங்கள். மீன் மட்டும் வளர்ப்பவர் 32இலேயே நிலையாக வைத்திருக்கலாம். எண்ணைவிட நிலைப்புத்தான் முக்கியம்.

இருட்டில் ஊறவிடல்

அள்ளிய கடல்நீர் உயிருள்ள நீர். ஒவ்வொரு சொட்டிலும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் குஞ்சுகளும் பற்றீரியாக்களும் இருக்கின்றன. கானுக்குள் அடைபட்ட சில மணி நேரத்தில் அவை சாகத் தொடங்கும். சாகும்போது ஒட்சிசன் குறையும், அமோனியா ஏறும். ஆகவே இரண்டு வழிதான். அள்ளிய சில மணி நேரத்துக்குள் தொட்டியில் சேர்ப்பது ஒன்று; முல்லைத்தீவு ரவுணில் இருப்பவருக்கு நல்ல பருவத்தில் அது சரிவரும். அல்லது சில கிழமை இருட்டில் வைத்து எல்லாம் அடங்கிய பின் எடுப்பது. இடைப்பட்ட நாளில், அதாவது இரண்டாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை, அந்த நீரைத் தொடவே வேண்டாம். அதன் மிக மோசமான காலம் அதுதான்.

இருட்டு முறையையே எல்லோருக்கும் சொல்வேன். பரலைக் கிடுகுக் கொட்டிலின் நிழலில் வைத்து, கறுப்புப் பொலித்தீனால் வெளிச்சம் படாமல் சுற்றுங்கள். மூடியில் சிறு துளையிட்டுக் காற்றுக்கல் இறக்கி, முதல் இரண்டு கிழமை எயர் பம்பை ஓடவிடுங்கள். வெளிச்சமில்லாமல் பாசி சாகும். செத்தவற்றைப் பற்றீரியா தின்று தீர்க்கும். மிச்சம் அடியில் மண்டியாகப் படியும். மீன்களில் வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கும் இது முடிவு. அதன் நீந்தும் குஞ்சு ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். ஆனால் உறைக்குள் இருக்கும் பருவம் பொரிக்கப் பல நாள், சில வேளை பல கிழமை எடுக்கும் என்பதால் ஆறு கிழமை வைப்பது பாதுகாப்பு. முதல் நாட்களில் மின்சாரம் நீண்ட நேரம் நின்றுபோய், பரலைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். ஆறு கிழமைக்குப் பின் மேலிருந்து சைபன் குழாயால் எடுத்து, அடி மண்டியை விட்டுவிட்டு, வேறு பரலில் மூடி வைத்தால் மாதக்கணக்காகக் கெடாது.

மாரியில் தவிர்க்க முடியாமல் அள்ளிய நீருக்கும் சந்தேகமான நீருக்கும் குளோரின் முறை இருக்கிறது. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் செய்வது இதுதான். ஒரு லீற்றருக்கு 10 மில்லிகிராம் குளோரின் என்பது அளவு. 200 லீற்றர் பரலுக்கு, 5 சதவீத வெளிற்றும் திரவம் என்றால் 40 மில்லிலீற்றர். வெள்ளத்துக்குப் பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூள் என்றால், 30 சதவீத வலு இருந்தால், சுமார் 7 கிராம்; அதை வாளித் தண்ணீரில் கலக்கித் தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள், அடிச் சுண்ணாம்பு வேண்டாம். வாசனையோ சவர்க்காரமோ சேர்ந்த திரவத்தை வாங்காதீர்கள். திறந்த வெளியில், கையுறையோடு செய்யுங்கள். அமிலம் எதையும் அதனருகில் வைக்க வேண்டாம். ஒரு நாள் மூடி வைத்து, பிறகு மூன்று நான்கு நாள் பலமாகக் காற்றடியுங்கள். நீச்சல்தடாகக் கடைகளில் விற்கும் குளோரின் சொட்டுமருந்தை விட்டால் மஞ்சள் தெரியும் வரை குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். மிச்சத்தைப் போக்க சோடியம் தயோசல்பேற்றை ஒன்றிரண்டு கிராமாகக் கரைத்துச் சேர்த்து மறுபடி சோதியுங்கள். 200 லீற்றருக்கு 14 கிராமுக்கு மேல் தேவைப்படாது.

ஒன்றை மறக்காதீர்கள்: குளோரின் கிருமியைக் கொல்லும், பூச்சிமருந்தையோ உலோகத்தையோ நீக்காது. பூச்சிமருந்தில் ஒரு பங்கை ஏவிய கரி பிடிக்கும். இலங்கையில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்து உலகெங்கும் அனுப்பும் அந்தக் கரியைத்தான் சொல்கிறேன்; அடுப்பில் எரித்த சிரட்டைக்கரி அந்த வேலையைச் செய்யாது.

தொட்டிக்குப் போகுமுன் கடைசிச் சோதனை: பரல் நீரில் ஒரு வாளி எடுத்து, காற்றுக்கல் போட்டு, சின்ன இறால் இரண்டு மூன்றை மெதுவாகப் பழக்கி இரண்டு நாள் விடுங்கள். துள்ளிக்கொண்டிருந்தால் நீர் நல்லது. அமோனியாப் பரிசோதனையிலும் பூச்சியம் காட்ட வேண்டும்.

எவ்வளவு சேமிப்பது

200 லீற்றர் தொட்டிக்குக் கிழமைக்குப் பத்து வீதம், அதாவது 20 லீற்றர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஐப்பசி பிறந்து தை முடியும் வரை பதினேழு கிழமை, 340 லீற்றர். இரண்டு பரல் நிறைய வைத்தால் மாரியைக் கடந்து, மேற்குக் கரையில் நல்ல காலம் தொடங்கும் மாசிக்கு வந்துவிடலாம், கொஞ்சம் கைவசமும் இருக்கும். ஆடியில் அள்ளினால் ஆவணி முடிவில் நீர் தயார். புரட்டாதியில் இன்னொரு தடவை அள்ளுவதற்கும் நேரம் இருக்கும். வவுனியாக்காரர் நாலு பரலோடு ஒரே பயணத்தில் முடித்துவிடலாம்.

மாற்றும் நாளுக்கு முதல் நாள் நீரை வீட்டுக்குள் எடுத்து, காற்றடித்து, உப்பையும் சூட்டையும் தொட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உப்பு ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால் சரிசெய்த பிறகே ஊற்றுங்கள்.

தொட்டியில் தினமும் ஆவியாகிப் போவது நன்னீர் மட்டும்; உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைந்ததை ஈடுசெய்ய ஒருபோதும் கடல்நீர் ஊற்றாதீர்கள். வன்னிக் கிணற்று நீரில் சுண்ணாம்பும், வயலோரமென்றால் உரத்தின் நைத்திரேற்றும் இருக்கும்; அதுவும் வேண்டாம். வவுனியாவிலும் மற்ற இடங்களிலும் குடிநீருக்காக வைத்திருக்கும் ஆர்.ஓ. நிலையத்துத் தண்ணீர் இதற்கு மிக நல்லது. சித்திரை, வைகாசிச் சூட்டில் தொட்டி 30 பாகையைத் தாண்டும்போது மேலே சிறு விசிறி வைத்தால் இரண்டு பாகை வரை இறங்கும். அப்போது ஆவியாதலும் கூடும், நாளுக்கு இரு தடவை மட்டத்தைப் பாருங்கள். கண்ணாடியில் ஒரு கோடு ஒட்டி வைத்தால் சுலபம்.

வெளியே எடுத்த பழைய நீரைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். நம் கிணறுகள் ஆழமில்லாதவை. உப்பு இறங்கினால் பல மாரி பெய்துதான் கழுவ வேண்டும். கிணற்றிலிருந்து தூரமாக, மழைநீர் அடித்துக்கொண்டு போகும் வாய்க்காலில் விடுங்கள். கடையில் வாங்கிய மீனையோ, அது இருந்த நீரையோ, தொட்டிப் பாசியையோ களப்பிலும் கடலிலும் விட வேண்டாம். வேறு கடலின் நோயும் அதோடு போகும். மீனை வைத்திருக்க முடியாமல் போனால், தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் தொட்டியின் உப்பளவை எழுதிக் கொடுங்கள்.